ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ படித்தால் தீயணைப்புத் துறையில் வேலை கிடைக்குமா? சேரும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

பத்தாவது, பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு பஸ் ஸ்டாண்ட் சுவரிலும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் இந்த விளம்பரத்தைப் பார்த்திருப்பீங்க: 'ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ. ஒரே வருஷம். அரசு வேலை, வெளிநாட்டு வேலை 100 சதவீதம் உறுதி.'

சமுதாயக் கல்லூரிகள் தொடங்கி மாடியில் இரண்டு அறை எடுத்து நடத்தும் தனியார் நிலையங்கள் வரை பலரும் இந்தப் படிப்பைத் தருகிறார்கள். படிப்பு நல்லதுதான். ஆனால் அதை வைத்து எந்த வேலைக்குப் போகலாம், எதற்குப் போக முடியாது என்பதில்தான் குழப்பமே.

என்ன சொல்லித் தருவாங்க?

தீ எப்படிப் பிடிக்கிறது, எப்படிப் பரவுகிறது என்பதுதான் அடிப்படைப் பாடம். மரம், துணி எரிந்தால் தண்ணீர் போதும். எண்ணெய் எரியும்போது தண்ணீர் ஊற்றினால் தீ இன்னும் பரவும். மின்சாரம் பாயும் இடத்தில் தண்ணீர் அடித்தால் அடிப்பவருக்கே ஆபத்து. எந்தத் தீக்கு நுரை, எதற்குப் பவுடர், எதற்கு கார்பன் டை ஆக்சைடு என்பதைப் பிரித்துப் படிக்கணும். அதோடு ஹைட்ரன்ட், ஸ்பிரிங்க்ளர் பராமரிப்பு, கட்டடத்தில் இருந்து மக்களை வெளியேற்றும் முறை, முதலுதவி, தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் எல்லாம் உண்டு.

தீயணைப்பு வீரர் ஆக இந்த டிப்ளமோ வேணுமா?

வேண்டாம். விளம்பரங்கள் சொல்லாமல் விடும் முதல் விஷயம் இதுதான்.

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்கு ஆள் எடுப்பது சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர் பதவிகளோடு சேர்த்து ஒரே பொதுத் தேர்வு. கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி மட்டும். பொதுப் பிரிவுக்கு வயது 18 முதல் 26 வரை. மற்ற பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. தமிழ் தகுதித் தேர்வு, எழுத்துத் தேர்வு, உயர அளவு, 1,500 மீட்டர் ஓட்டம், கயிறு ஏறுதல் என்று வரிசையாகத் தாண்டணும். 2025 அறிவிப்பில் தீயணைப்பாளர் பணியிடங்கள் 631. சம்பள விகிதம் 18,200 முதல் 67,100 ரூபாய் வரை. தேர்வானவர்களுக்குத் தீயணைப்புப் பயிற்சியைத் துறையே கொடுத்துவிடும்.

அதாவது, ஒரு வருஷம் பணம் கட்டி டிப்ளமோ படித்தவரும், காலையில் மைதானத்தில் ஓடிவிட்டு மாலையில் நூலகத்தில் படித்தவரும் அந்தத் தேர்வு அறையில் ஒண்ணுதான்.

அதற்கு மேல் பதவிகள்?

நிலைய அலுவலர் பதவிக்குப் பட்டப்படிப்பு தேவை. 2023-ல் சப்-இன்ஸ்பெக்டர் தேர்வோடு சேர்த்து 129 நிலைய அலுவலர் இடங்கள் அறிவிக்கப்பட்டன. மாவட்ட அலுவலர் பதவி டிஎன்பிஎஸ்சி குரூப் 1 வழியாக வருவது. பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் ஆகியோர் இந்த வழியில்தான் துறையின் முதல் பெண் அதிகாரிகளாக வந்தார்கள்.

தீ பற்றியே பொறியியல் பட்டம் படிக்க ஆசைப்பட்டால், மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் நாக்பூரில் இயங்கும் தேசிய தீயணைப்புச் சேவைக் கல்லூரியில் பி.இ. ஃபயர் இன்ஜினியரிங் இருக்கு. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பி.டெக். சேஃப்டி அண்ட் ஃபயர் இன்ஜினியரிங் இருக்கு.

அப்போ டிப்ளமோவுக்கு மதிப்பே இல்லையா?

இருக்கு, ஆனால் இடம் வேறு. மால், மருத்துவமனை, ஐ.டி. வளாகம், கட்டுமானத் தளம், தனியார் ஆலைகளில் ஃபயர்மேன், சேஃப்டி சூப்பர்வைசர் வேலைகளுக்கு இது கைகொடுக்கும்.

பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் கேட்கும் தகுதி இன்னும் கறார். இந்தியன் ஆயில் தன் ஃபயர் அண்ட் சேஃப்டி பணியிடத்துக்கு நாக்பூர் கல்லூரியின் சப்-ஆபீசர் பயிற்சி அல்லது அதற்கு இணையான ரெகுலர் படிப்பையும், கனரக வாகன லைசென்ஸையும் சேர்த்தே கேட்டிருக்கிறது. விமான நிலைய ஆணையத்தின் தீயணைப்புப் பணிக்கும் ஓட்டுநர் உரிமம் அவசியம். வண்டியை ஓட்டத் தெரியாதவர் தண்ணீரை எப்படிக் கொண்டு போவார்? டிப்ளமோ கையில் இருந்தும் லைசென்ஸ் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாமல் போவது இங்கேதான்.

'சேஃப்டி ஆபீசர்' ஆகலாம் என்கிறார்களே?

அதிகம் பேர் ஏமாறுவது இந்த வார்த்தையில்தான். சேஃப்டி ஆபீசர் என்பது சட்டம் வரையறுத்த பதவி. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 40-பி பிரிவு, 1,000 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் இந்த அதிகாரி கட்டாயம் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 500 ஆகக் குறைத்திருக்கிறது. அபாயகரமான தொழில் நடக்கும் ஆலைகளுக்கும் கட்டுமானப் பணிகளுக்கும் 250 பேர் இருந்தாலே போதும். அதனால் இந்தத் துறையில் ஆள் தேவை கூடத்தான் செய்யும்.

ஆனால் அந்த நாற்காலிக்குப் பொதுவாக இன்ஜினியரிங் டிகிரி அல்லது பாலிடெக்னிக் டிப்ளமோ, ஆலையில் மேற்பார்வை அனுபவம், அதன் மேல் மாநில அரசு அங்கீகரித்த தொழிற்சாலைப் பாதுகாப்பு டிப்ளமோ எல்லாம் கேட்பார்கள். சென்னை தரமணியில் இருக்கும் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்தும் ஓராண்டு உயர் டிப்ளமோ இந்த வகை. பி.இ. முடித்தவர்களுக்குத் திருச்சி என்ஐடி, சிவகாசி மெப்கோ கல்லூரி ஆகியவற்றில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது.

பத்தாவதுக்குப் பிறகு ஒரு வருஷம் மட்டும் படித்துவிட்டு நேராக சேஃப்டி ஆபீசர் ஆக முடியாது. ஆகலாம் என்று யாராவது சொன்னால், எந்த விதிப்படி என்று கேளுங்க.

வளைகுடா வேலை?

அங்கே பல நிறுவனங்கள் பிரிட்டனின் நெபோஷ் சான்றிதழைக் கேட்கின்றன. தேர்வு நடத்துவதும் சான்றிதழ் தருவதும் நெபோஷ் அமைப்பு. உள்ளூர் நிலையங்கள் பயிற்சி மட்டும்தான் தரும். நீங்கள் சேரும் நிலையம் அவர்களுடைய பட்டியலில் இருக்கிறதா என்று நெபோஷ் இணையதளத்தில் நீங்களே பாருங்க.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகம் அல்லது வாரியத்தின் பெயர் வரும்? 'அரசு பதிவு பெற்றது' என்றால் சங்கமாகவோ கம்பெனியாகவோ பதிவு செய்திருப்பார்கள். அது படிப்புக்கான அங்கீகாரம் ஆகாது.

2. ரெகுலர் படிப்பா, தொலைதூரமா? பல பொதுத்துறை வேலைகளுக்கு ரெகுலர் மட்டுமே செல்லும்.

3. ஹோஸ் பிடித்து, ஏணி ஏறி, மூச்சுக் கருவி மாட்டிப் பழகப் பயிற்சி மைதானம் இருக்கா?

4. போன வருஷம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? இரண்டு பேரிடமாவது பேச முடியுமா?

5. மொத்தக் கட்டணம் எவ்வளவு, பாதியில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும்? எழுத்தில் வாங்குங்க.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று, சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். இப்படிப்பட்ட இடங்களில் தீ வருவதற்கு முன்பே ஆபத்தைக் கண்டுபிடித்துச் சொல்ல ஆள் வேணும். அந்த வேலைக்கு வருபவருக்கு ஹோஸ் பிடிக்கத் தெரியாவிட்டால், நஷ்டம் கட்டின பணத்தோடு நிற்காது. எனவே இன்னொரு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை, விசாரித்துவிட்டே சேருங்க.