உரிமையை அரசாங்கமா கொடுத்தது?

ஒரு போலீஸ் அதிகாரி, சொந்தப் பகை காரணமாக ஒரு நிரபராதியைக் கொன்று விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். செத்தவரின் குடும்பம் நியாயம் கேட்டு கோர்ட்டுக்குப் போகலாமா, கூடாதா?

"இது என்ன கேள்வி? கட்டாயம் போகலாம்" என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும்.

ஆனால், இந்தக் கேள்வி நமது சுப்ரீம் கோர்ட்டிலேயே ஒரு முறை எழுந்தது. "இப்போது போக முடியாது" என்பதே அரசாங்கத் தரப்பில் கிடைத்த பதில்!

அது நெருக்கடி நிலைக் காலம். 1975-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி இரவு அது பிரகடனம் செய்யப்பட்டது. அப்போது பிரதமராக இருந்தவர் இந்திரா காந்தி. எதிர்க்கட்சித் தலைவர்களும் தொண்டர்களும் "மிசா" என்ற சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார்கள். இப்படிச் சிறைக்குப் போனவர்கள் 34 ஆயிரத்துக்கும் அதிகம் என்று பின்னர் ஷா கமிஷன் கணக்குச் சொன்னது.

பிடித்துச் செல்லப்பட்டவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி ஒரு மனுப் போடலாம். அதற்கு "ஆட்கொணர்வு மனு" என்று பெயர். கைதிகள் அந்த மனுவைப் போட்டார்கள். 9 ஐகோர்ட்டுகள் "விசாரிக்கலாம்" என்றன. அரசாங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் செய்தது.

ஐந்து நீதிபதிகள் விசாரித்தார்கள். அவர்களில் ஒருவர் எச்.ஆர்.கன்னா. போலீஸ் அதிகாரி பற்றிய அந்தக் கேள்வியை அரசாங்க வக்கீலிடம் கேட்டவர் அவர்தான். நெருக்கடி நிலை நீடிக்கும் வரை அதற்குப் பரிகாரம் கிடையாது என்று வக்கீல் ஒப்புக்கொண்டார்.

நால்வரும் ஒருவரும்

1976-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. நான்கு நீதிபதிகள் அரசாங்கத்தின் பக்கம். கன்னா ஒருவர் மட்டும் மறுப்பு எழுதினார்.

அரசாங்கத்தின் வாதம் இதுதான்: "உயிர் வாழும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவில் இருக்கிறது. அதற்காகக் கோர்ட்டுக்குப் போகும் உரிமையை ஜனாதிபதி நிறுத்தி வைத்திருக்கிறார். எனவே இப்போது யாரும் கேட்க முடியாது."

கன்னா இதை ஏற்கவில்லை. அவர் சொன்னதன் சாரம்: 21-வது பிரிவு எழுதப்படுவதற்கு முன்பே உயிர் வாழும் உரிமை இருந்தது. நமது அரசியல் சட்டம் 1950-ல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு, சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஒருவர் உயிரைப் பறிக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் இருந்ததா? இல்லையே! சட்டத்தின் ஆட்சி நடக்கும் எந்த நாட்டிலும் அந்த அதிகாரம் கிடையாது.

கோர்ட்டின் கதவு மூடினால் என்ன ஆகும் என்பதை நம் தமிழ்நாடும் பார்த்தது. அந்த 1976-ம் ஆண்டில் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். பின்னர் நீதிபதி எம்.எம்.இஸ்மாயில் கமிஷன் அதை விசாரித்தது.

"இது மேல்நாட்டுச் சரக்கா?"

"மனித உரிமை என்பது வெள்ளைக்காரர்களின் சரக்கு, நமக்கு ஒத்துவராது" என்று சொல்கிறவர்கள் பல நாடுகளில் உண்டு. உண்மை என்ன?

1948-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி, ஐ.நா. சபை பாரிஸ் நகரில் கூடி, மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. ஆதரவாக 48 நாடுகள் ஓட்டுப் போட்டன. எதிர்த்து ஒரு நாடும் ஓட்டுப் போடவில்லை. 8 நாடுகள் நடுநிலை வகித்தன. ரஷியாவும் அதன் கூட்டாளிகளும், சவுதி அரேபியாவும், நிறவெறி ஆட்சி நடத்திய தென்ஆப்பிரிக்காவும் அந்த எட்டில் அடக்கம்.

பிரகடனத்தை உருவாக்கிய குழுவின் தலைவர், அமெரிக்காவின் எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார். சீனாவின் பி.சி.சாங், லெபனானின் சார்லஸ் மாலிக் ஆகியோருக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

இந்தியாவின் சார்பில் பங்கு கொண்டவர் ஹன்சா மேத்தா. குஜராத்தைச் சேர்ந்தவர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். முதல் பிரிவில் "எல்லா ஆண்களும்" என்றும் பொருள்படக்கூடிய ஆங்கிலச் சொல் இருந்தது. "எல்லா மனிதப் பிறவிகளும்" என்று மாற்ற வேண்டும் என்று அவர் வாதாடினார், வெற்றியும் பெற்றார். உலகத்துப் பெண்களுக்கெல்லாம் அந்தப் பிரிவில் இடம் பிடித்துக் கொடுத்தவர் ஓர் இந்தியப் பெண்மணி!

ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். அன்று ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி அடிமைப்பட்டுக் கிடந்தது. அந்த மக்களுக்கு அந்த மண்டபத்தில் நாற்காலி இல்லை. ஆனால் பின்னாளில் விடுதலை கேட்டபோது, அதே பிரகடனத்தை அவர்கள் ஆட்சியாளர்களிடம் எடுத்துக் காட்டினார்கள். இது அந்நியச் சரக்கு என்று அவர்கள் ஒதுக்கவில்லை.

சோறா, சுதந்திரமா?

"ஏழை நாட்டுக்கு முதலில் சோறு வேண்டும், உரிமை பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு வாதம் உண்டு. சோறு வேண்டும்தான். பிரகடனமும் அதை மறக்கவில்லை. காரணமின்றிக் கைது செய்யக் கூடாது என்பது 9-வது பிரிவு. உணவு, உடை, வீடு, வைத்தியம் வேண்டும் என்பது 25-வது பிரிவு. இரண்டும் ஒரே ஏட்டில்தான் இருக்கின்றன.

ரேஷன் அரிசி வரவில்லை என்று சத்தம் போடுகிறவரைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டால், அரிசி எப்படி வரும்? வாயைக் கட்டிவிட்டு வயிற்றை நிரப்ப முடியுமா?

பிறகு நடந்தது

1977 ஜனவரியில் கன்னா தலைமை நீதிபதியாகி இருக்க வேண்டும். பதவி வரிசைப்படி அது அவருடைய முறை. ஆனால் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவருக்கு அந்தப் பதவி தரப்பட்டது. கன்னா ராஜினாமா செய்துவிட்டார்.

1977 மார்ச்சில் நெருக்கடி நிலை முடிந்தது. 1978-ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. இனி எந்த நெருக்கடியிலும் 21-வது பிரிவை நிறுத்தி வைக்க முடியாது.

2017-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி, ஒன்பது நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு, 1976-ம் ஆண்டுத் தீர்ப்பு தவறு என்று அறிவித்தது. அதை எழுதியவர் நீதிபதி டி.ஒய்.சந்திரசூட். 1976-ல் அரசாங்கத்தின் பக்கம் நின்ற நால்வரில் ஒருவரான ஒய்.வி.சந்திரசூட்டின் மகன்! கன்னா சொன்னதே சரி என்றாயிற்று. அதைக் கேட்க அவர் இல்லை. 2008-ல் காலமாகிவிட்டார்.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியது

21-வது பிரிவு "குடிமகன்" என்று சொல்லவில்லை. "எந்த நபரும்" என்று சொல்கிறது. நம் நாட்டுக்கு வந்த அந்நியனுக்கும் அது காவல். 22-வது பிரிவின்படி, கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். வக்கீலைப் பார்க்க விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும். தடுப்புக்காவல் சட்டத்தில் பிடிபட்டவருக்கு மட்டும் விதிகள் வேறு. அதனால்தான் அந்தச் சட்டங்களின் மீது மக்கள் எப்போதும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

இந்த இரண்டு எண்களையும் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அதோடு இன்னொன்றும் சொல்லுங்கள்: உரிமை அரசாங்கத்திடம் நாம் வாங்கிய கடன் அல்ல. அது நினைத்தபோது திருப்பிக் கேட்பதற்கு!