கால்போஸ்கோப்பியும் அந்த 96 சதவீதமும்

பாப் ஸ்மியரிலோ எச்பிவி சோதனையிலோ கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றிய சந்தேகம் வந்தால் அடுத்து அனுப்பும் இடம், கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி. அங்கே ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். மருத்துவர்களிலும் இப்படி நினைப்பவர்கள் உண்டு. கருவி பெரிதாக்கிக் காட்டுகிறது, பிடிக்கும் திறன் 96 சதவீதம் என்று ஆய்வே சொல்கிறது, பார்ப்பவரோ நிபுணர், இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவர்கள் வாதம். இந்த மூன்றில் எதுவும், ‘ஒன்றுமில்லை’ என்ற முடிவைத் தாங்கும் அளவுக்கு உறுதியானதல்ல.

முதலில் கருவி. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் ஹின்செல்மன் 1925இல் உலகுக்குச் சொன்ன கால்போஸ்கோப், கருப்பைவாயைச் சில மடங்கிலிருந்து நாற்பது மடங்கு வரை பெரிதாக்கும். அதில் செல் தெரியாது. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம் தடவியபின் வெளுக்கும் திட்டு, அதன் விளிம்பு, ரத்தக் குழாய்களின் கோலம், அயோடின் ஏறாத இடம் ஆகியவைதான் தெரியும். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் வெளுப்பதைப் போலவே அழற்சியும் வெளுக்கும். முதிராத மெட்டாப்பிளேசியா என்ற இயல்பான மாற்றமும் வெளுக்கும். ஆனால் மெல்லிய, சிறிய சிஐஎன் 3 (புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தின் மிகத் தீவிர நிலை) திட்டு சரியாக வெளுக்காமலே தப்பிவிடலாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு, இந்த மாற்றங்கள் தொடங்கும் எல்லைக்கோடு பெரும்பாலும் கருப்பைவாய்க் குழாய்க்குள் ஏறிப்போயிருக்கும். லென்ஸ் எவ்வளவு உயர்ந்ததானாலும் அங்கே எட்டாது.

அடுத்தது 96 சதவீதம். 1998இல் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியான கட்டுரையிலிருந்து வந்த எண் இது. இயல்பற்றது எதுவானாலும், அது எவ்வளவு லேசானதானாலும், அதை இயல்பானதிலிருந்து பிரிக்கும் திறனைத்தான் அது சொல்கிறது. அதே வரியில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. ஆரோக்கியமாக இருந்தவர்களில் 48 சதவீதம் பேரைத்தான் ‘இயல்பு’ என்று சரியாகச் சொல்ல முடிந்தது. சிகிச்சை தேவைப்படும் தீவிர மாற்றங்களை மட்டும் பிரிப்பதில் 96 என்பது 85 ஆக இறங்கிவிடுகிறது.

அந்த 85ஐயும் அப்படியே நம்ப முடியாது. பெரும்பாலான பழைய ஆய்வுகளில் மருத்துவர் கண்ணுக்குப் பட்ட இடத்தில் மட்டுமே பயாப்சி எடுத்தார்கள். படாத இடத்தில் நோய் இருந்தால் அது கணக்கிலேயே வராது. தேர்வு எழுதிய மாணவனே தன் விடைத்தாளைத் திருத்தினால் மதிப்பெண் எப்படி இருக்கும்? சீனாவின் ஷான்ஷி மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு இந்தக் குறையை நேராகச் சந்தித்தது. கருப்பைவாயை நான்காகப் பிரித்து, திட்டு எதுவும் தெரியாத பகுதியிலும் பயாப்சி எடுத்தார்கள். 2004இல் வெளியான முடிவின்படி, சிஐஎன் 2 அல்லது அதைவிடத் தீவிரமான நோய்களில் 57 சதவீதம் பார்த்து எடுத்த பயாப்சியில் கிடைத்தது. 37 சதவீதம், ஒன்றும் தெரியாத இடத்தில் எடுத்த பயாப்சியில் கிடைத்தது.

‘அனுபவசாலி பார்த்தால் தப்பாது’ என்பார்கள். இதற்கான பதில் அமெரிக்காவின் ஆல்ட்ஸ் என்ற பெரிய ஆய்வில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் சிஐஎன் 3 அல்லது அதற்கு மேல் என உறுதியான பெண்களைப் பின்னோக்கிப் பார்த்தபோது, முதல் கால்போஸ்கோப்பியும் பயாப்சியும் சேர்ந்து பிடித்திருந்தது ஏறத்தாழ 70 சதவீதம் பேரைத்தான். செவிலியரோ, மகளிர் மருத்துவரோ, புற்றுநோய் அறுவை நிபுணரோ, பார்த்தவரின் பயிற்சியால் பெரிய வித்தியாசம் இல்லை. எத்தனை பயாப்சி எடுத்தார்கள் என்பதுதான் வித்தியாசம் காட்டியது. 2015இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில் ஒரு பயாப்சி தீவிர மாற்றங்களில் 61 சதவீதத்தையும், இரண்டு 86 சதவீதத்தையும், மூன்று 96 சதவீதத்தையும் பிடித்தன. கடைசியில் 96 வந்துவிட்டது, ஆனால் கண்ணால் அல்ல, கத்தரிப்பால்! பயாப்சி கூடினால் பெண்ணுக்கு வலியும் உதிரக் கசிவும் கூடும், ஆய்வகச் செலவும் கூடும்; அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் அமெரிக்காவின் 2017 கால்போஸ்கோப்பி தரநிலை, திட்டு தெரிந்தால் இரண்டு முதல் நான்கு இடங்களில் எடுக்கச் சொல்கிறது.

எனவே ‘ஒன்றுமில்லை’ என்ற தாளுக்கு ஓராண்டுதான் ஆயுள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். எச்பிவி பாசிட்டிவ் ஆன பெண் அடுத்த ஆண்டு திரும்ப வந்து சோதித்துக்கொண்டால், இன்று தப்பியது அன்று சிக்க வாய்ப்பு அதிகம். நோயும் அவகாசம் தருகிறது. நியூசிலாந்தில் போதிய சிகிச்சை இல்லாமல் விடப்பட்ட சிஐஎன் 3 பெண்களில் 30 ஆண்டுகளில் சுமார் 30 சதவீதம் பேருக்கே அது புற்றுநோயானது. (அப்படி விட்டுப் பார்த்தது மன்னிக்க முடியாத செயல், அது வேறு விஷயம்.) ஆபத்து தவறவிட்ட திட்டில் இருப்பதைவிட, ‘இனி வர வேண்டாம்’ என்று அனுப்பிவிடுவதில்தான் அதிகம்.

அப்படியானால் கால்போஸ்கோப்பியே வீண் என்று எதிர்ப்பக்கம் தாவுவதும் தவறு. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆய்வில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்து, சந்தேகம் வந்தவர்களுக்குக் கால்போஸ்கோப்பியும் பயாப்சியும் செய்தார்கள். பொருத்தமானவர்களுக்கு அந்த வருகையிலேயே குளிர்முறை சிகிச்சையும் கொடுத்தார்கள். 2007இல் லான்செட்டில் வெளியான முடிவின்படி, கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. இத்தனையையும் செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள்.