கோட்டை வளைவின் இரு பக்கமும் ஒரே உரிமை: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களின் கோரிக்கைச் சாசனம்

கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வருகிறவர்கள் கோத்தா டாருல் ஏசான் வளைவைத் தாண்டித்தான் நகருக்குள் நுழைகிறார்கள். 1974 பிப்ரவரி 1ஆம் தேதி சிலாங்கூர் மாநிலம் கோலாலம்பூரைக் கூட்டரசுக்கு விட்டுக்கொடுத்ததன் நினைவாக எழுந்த வளைவு அது. வளைவுக்கு அந்தப் பக்கம், கிள்ளானில் வீடு உள்ளவர் தம் மாநகராட்சி மன்றத்திடமோ மாவட்ட நில அலுவலகத்திடமோ ஒரு தகவலை எழுதிக் கேட்டால், 30 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டிய கடமை அந்த அலுவலகத்துக்கு உண்டு. சிலாங்கூர் சட்டமன்றம் 2011 ஏப்ரல் 1ஆம் தேதி நிறைவேற்றிய தகவல் சுதந்திரச் சட்டம் அதைச் சொல்கிறது. நாட்டிலேயே முதலில் வந்த சட்டம் அது. அதே ஆண்டு நவம்பரில் பினாங்கும் ஒரு சட்டம் இயற்றியது.

வளைவுக்கு இந்தப் பக்கம், பிரிக்பீல்ட்ஸில் வீடு உள்ளவருக்கு அந்த உரிமை கிடையாது. ஸ்காட் சாலையிலோ துன் சம்பந்தன் சாலையிலோ தம் வீட்டுக்குப் பின்னால் எத்தனை மாடி எழும்பப் போகிறது என்று மாநகர் மன்றத்தை அவர் கேட்கலாம். பதில் வருவதும் வராததும் அலுவலகத்தின் மனதைப் பொறுத்தது. பிரிக்பீல்ட்ஸும் 1974 வரை சிலாங்கூர் மண்தான். ஒரு கோடு போட்டதால் ஒரு ஊரின் மக்களுக்குக் கேட்கும் உரிமை இல்லாமல் போனதை நாங்கள் ஏற்கவில்லை.

வளைவின் இரு பக்கமும் வாழும் தமிழர்களாகிய நாங்கள் கூட்டரசு அரசாங்கம், சிலாங்கூர் மாநில அரசு, கோலாலம்பூர் மாநகர் மன்றம், கிள்ளான் அரச மாநகராட்சி மன்றம், மாவட்ட நில அலுவலகங்கள் ஆகியோர் முன் இந்தச் சாசனத்தை வைக்கிறோம். இரு பக்கமும் நாங்கள் மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். இரு பக்கமும் எங்களை ஆளும் மன்றத்தை எங்கள் ஓட்டு தேர்ந்தெடுப்பதில்லை. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளியே வைத்துவிட்டது. ஓட்டுரிமை இல்லாத இடத்தில் தகவல் உரிமையாவது இருந்தாக வேண்டும். இதைவிடக் குறைந்து நாங்கள் எதைக் கேட்க முடியும்?

ஒரு கவுண்டரின் முன் நடந்ததை இங்கே பதிவு செய்கிறோம். எங்களில் ஒருவர் பழைய தோட்டக் கோயில் ஒன்றின் செயலாளர். வயது எழுபதைத் தாண்டியது. தோட்டம் போய், தாமான் வந்து, கோயில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கோயில் நிற்கும் நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு நில அலுவலகத்துக்குப் போனார். கையில் பிளாஸ்டிக் உறை. அதற்குள் பழைய மின்கட்டண ரசீது, மடிப்பில் கிழிந்துபோன திருவிழா நோட்டீஸ், தோட்ட மானேஜர் கையெழுத்திட்ட ஒரு கடிதம். நம்பர் எடுத்துக் காத்திருந்தார். முறை வந்தது. “லோட் நம்பர் பெராபா, பாச்சிக்?” என்று கேட்டார் கவுண்டரில் இருந்த பெண். லோட் எண் அவருக்குத் தெரியாது. கோயில் இருக்கும் இடத்தைக் கையால் காட்டி விளக்கினார். அந்தப் பெண் மரியாதையோடுதான் பேசினார். ஆனால் லோட் எண்ணோ பட்டா எண்ணோ இல்லாமல் கணினியில் தேட வழியில்லை என்றார். நில அளவைத் துறைக்குப் போகச் சொன்னார். அங்கே போனால் வேறொரு பாரம், வேறொரு கட்டணம். மூன்று முறை அலைந்தவர் நான்காம் முறை போகவில்லை. உறை இன்னும் அவர் வீட்டுச் சாமி அலமாரியில் இருக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிலப் பதிவேடு மூடிய ஏடு அல்ல. தேசிய நிலச் சட்டத்தின் 384ஆம் பிரிவு தனிப்பட்ட தேடலையும் 385ஆம் பிரிவு அதிகாரப்பூர்வத் தேடலையும் அனுமதிக்கிறது. கட்டணம் கட்டினால் யாரும் பார்க்கலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. கதவுக்குப் போகும் வழிதான் மக்களுக்குத் தெரியவில்லை. எனவே எங்கள் முதல் கோரிக்கை மிகச் சிறியது, செலவு குறைந்தது: ஒவ்வொரு மாவட்ட நில அலுவலகத்திலும், கூட்டரசுப் பிரதேச நில அலுவலகத்திலும், பொதுமக்கள் விரல் வைத்துக் காட்டக்கூடிய லோட் வரைபடம் கவுண்டரிலேயே இருக்க வேண்டும். சாலைப் பெயரையோ பழைய தோட்டத்தின் பெயரையோ சொன்னால் லோட் எண்ணைக் கண்டுபிடித்துத் தருவது அலுவலரின் வேலையாக வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு 2025ஆம் ஆண்டை நினைவுபடுத்துகிறோம். மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் நூறாண்டைக் கடந்து நிற்கும் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயத்தை இடம் மாற்றும் பேச்சு அப்போது நாடெங்கும் எழுந்தது. அந்த நிலம் 2014இலேயே தனியார் நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டிருந்தது. நம்மில் பெரும்பாலோர் அதை அறிந்தது பதினோரு ஆண்டு கழித்து, பதற்றத்தின் நடுவில். விற்பனைக்கு முன்பே செய்தி வெளியில் இருந்திருந்தால், பேசுவதற்கு எல்லாத் தரப்புக்கும் காலம் இருந்திருக்கும். ஆகவே அரசு நிலமோ மன்ற நிலமோ விற்கப்படும் முன், அதன் மேல் வழிபாட்டுத் தலமோ பள்ளியோ குடியிருப்போ இருந்தால், அங்கு உள்ளவர்களுக்கு எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும் என்று கேட்கிறோம்.

இனி பெரிய கோரிக்கைக்கு வருகிறோம். தகவல் சுதந்திரத்துக்கான கூட்டரசுச் சட்டம் வேண்டும். அது கோலாலம்பூர் மாநகர் மன்றத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். 2018 தேர்தலிலேயே இந்த வாக்குறுதி தரப்பட்டது. 2023இல் அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. இனி எங்களுக்கு வேண்டியது கொள்கை விளக்கமல்ல, சட்ட வாசகம். அந்த வாசகத்தில் சில வரிகள் இருந்தே ஆக வேண்டும். எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீட்டைக் கேட்பவர், மறுத்த அலுவலகத்தின் கீழ் சம்பளம் வாங்குபவராக இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் இந்தப் புதிய சட்டத்துக்குக் கீழ்ப்பட்டதாக வேண்டும்.

அந்தக் கடைசி வரியில் நாங்கள் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அமைச்சரோ மந்திரி பெசாரோ முதலமைச்சரோ நியமிக்கும் அதிகாரி ஒரு காகிதத்தின் மேல் ‘சுலிட்’ என்று முத்திரை குத்தினால் அது இரகசியம் ஆகிவிடுகிறது. அந்த முத்திரைக்கு வழங்கப்படும் சான்றிதழை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்கிறது அந்தச் சட்டத்தின் 16ஏ பிரிவு. 1986 திருத்தத்துக்குப் பிறகு குற்றவாளிக்குக் குறைந்தது ஓராண்டுச் சிறை கட்டாயம். சிலாங்கூரில் தண்ணீர் விநியோக ஒப்பந்தத்தையும் கணக்காய்வு அறிக்கையையும் காட்டுங்கள் என்று தொழிற்சங்கக் காங்கிரஸ் வழக்குத் தொடுத்தபோது, 2010இல் உயர் நீதிமன்றம் காட்டச் சொன்னது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. குழாயைத் திறந்தால் வரும் தண்ணீருக்குக் காசு கொடுப்பவன், அந்த விலை எப்படி வந்தது என்று பார்க்க முடியாத நிலை அது.

சிலாங்கூர் சட்டம் இருப்பது பெருமைதான். ஆனால் அதிலும் குறை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. விண்ணப்பதாரர் காரணத்தை எழுத வேண்டும். எழுதிய காரணத்துக்கு மாறாகத் தகவலைப் பயன்படுத்தினால் அபராதமோ சிறையோ இரண்டுமோ. தன் தாமானின் வடிகால் திட்டத்தை வெள்ளத்துக்குப் பயந்து கேட்டு வாங்கிய ஒருவர், பிறகு அதைப் பத்திரிகையில் காட்டினால் என்ன ஆகும்? இந்தப் பயம் ஒன்றே போதும், பாரத்தைத் தொடாமல் திரும்பிவிடுவார்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைமேல் ஏறி நின்றவர்களுக்கு, பம்பு இல்லங்களின் பராமரிப்பு ஏடும் வடிகால் செலவுக் கணக்கும் கேட்க எந்தக் காரணமும் எழுத வேண்டிய நிலை இருக்கக் கூடாது. அந்தத் தண்டனைப் பிரிவை மாநில அரசு நீக்க வேண்டும். பம்பு, வடிகால், சரிவுப் பாதுகாப்பு தொடர்பான ஏடுகளைக் கேட்காமலே வெளியிட வேண்டும்.

மேம்பாட்டு அனுமதிக் கோப்புகளும் அப்படியே. புக்கிட் கியாராவை நினைத்துப் பாருங்கள். ரப்பர் தோட்டத்தை இழந்த தமிழ்க் குடும்பங்கள் நிரந்தர வீட்டுக்காக 1980களிலிருந்து நீள்வீடுகளில் காத்திருந்தன. பக்கத்தில் தாமான் ரிம்பா கியாரா பூங்கா. 2017இல் அந்தப் பூங்காவின் ஒரு பகுதியில் ஆடம்பர அடுக்குமாடிகளையும் நீள்வீட்டு மக்களுக்கான வீடுகளையும் சேர்த்துக் கட்ட அனுமதி தரப்பட்டது. பூங்காவைக் காக்க ஒரு தரப்பு, வீட்டுக்காக ஏங்கி ஒரு தரப்பு. 2023 ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்றது. ஆறு ஆண்டு வழக்கு. ஏழைக் குடும்பங்களுக்கு வீட்டைப் பூங்காவில்தான் கட்ட முடியும் என்று முடிவு செய்தது யார், எந்தக் கணக்கில், யாரோடு செய்த எந்த ஒப்பந்தத்தில்? அந்தக் காகிதங்கள் முதல் நாளே மேசைமேல் இருந்திருந்தால், பக்கத்துப் பக்கத்தில் வாழ்பவர்கள் எதிரெதிரே நின்றிருக்க வேண்டியதில்லை. கோலாலம்பூர் மாநகரத் திட்டம் 2020இன் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது 2008இல். அரசிதழில் வந்தது 2018இல். இடைப்பட்ட பத்தாண்டில் எத்தனை அனுமதிகள் எந்த அளவுகோலில் தரப்பட்டன என்பதை மாநகர் மன்றம் இப்போதாவது வெளியிட வேண்டும்.

மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்திருக்க வேண்டும் என்று ஊராட்சி மன்றச் சட்டமே சொல்கிறது, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி. கூட்டத் தேதியை முன்கூட்டியே அறிவியுங்கள். குறிப்பை ஒரு மாதத்துக்குள் வெளியிடுங்கள். இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம்.

மொழி பற்றி. தேசிய மொழியை நாங்கள் மதிக்கிறோம், எங்கள் பிள்ளைகள் அதில் தேர்ந்தவர்கள். ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த முதியவருக்குச் சட்ட மலாய் விளங்காது. இந்தியத் தகவல் உரிமைச் சட்டமும் இலங்கைத் தகவல் உரிமைச் சட்டமும், எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதைக் கேட்டு எழுதிக்கொள்வது அலுவலரின் கடமை என்று வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 1997லேயே ஒரு தகவல் உரிமைச் சட்டம் வந்துவிட்டது. கிள்ளான் கவுண்டரில் தமிழிலும் சீனத்திலும் ஒரு பக்க வழிகாட்டித் தாளும், கேட்டு எழுதித் தர ஒரு அலுவலரும் கேட்பது பெரிய ஆசையல்ல.

கடைசியாக, எங்கள் மனதுக்கு மிக நெருங்கிய கோரிக்கை. தோட்டங்கள் விற்கப்பட்டபோது செக்ரோல் புத்தகங்கள் எங்கே போயின? பெரட்டுக் களத்தில் விடியுமுன் பெயர் கூப்பிட்டு, கிராணி குறித்து வைத்த ஏடுகள் அவை. தோட்ட ஆஸ்பத்திரியின் பிரசவப் பதிவேடு, தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, இவற்றில்தான் எங்கள் பாட்டன் பாட்டிகளின் பெயரும் வயதும் இருந்தன. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட குழந்தைக்குப் பின்னாளில் ஐசி எடுக்கும்போது ஒரே சாட்சி அந்த ஏடாகவே இருந்திருக்கும். பல இடங்களில் அவை கரையானுக்குப் போயின, சில இடங்களில் எரிக்கப்பட்டன. இனி எந்தத் தோட்டம் கைமாறினாலும், நிலமாற்றத்துக்கு ஒப்புதல் தருமுன் அந்த ஏடுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்ந்தனவா என்று நில அலுவலகம் உறுதி செய்ய வேண்டும். பழைய சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகளைப் பாதுகாத்து வைத்திருக்கும் அந்தக் காப்பகத்தில் தொழிலாளியின் செக்ரோலுக்கும் இடம் உண்டு.

உங்கள் வீட்டில் பழைய செக்ரோல் தாளோ, தோட்டக் கடிதமோ, தற்காலிக நில உரிமமோ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பிரதி எடுத்து வையுங்கள். சிலாங்கூரில் வசிப்பவர்கள் இந்த மாதமே உங்கள் மாநகராட்சி மன்றத்திலோ நில அலுவலகத்திலோ தகவல் அதிகாரி யார் என்று கேட்டு, ஒரு விண்ணப்பம் போடுங்கள். கொடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு 30 நாளை எண்ணுங்கள். கோலாலம்பூரில் வசிப்பவர்கள் அதே கேள்வியை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதமாக எழுதி, நகலை எங்களிடம் கொடுங்கள். இந்தச் சாசனத்தோடு இணைத்து அனுப்புவோம்.