ஒரு சொல் ஒரு பொருள்

"தமிழில் ஒரு பொருளுக்குப் பல சொற்கள்; ஒரு சொல்லுக்குப் பல பொருள்கள்; பொறிநுட்பத்திற்கு இம்மொழி ஒவ்வாது" என்று ஆங்கில அடிமைகள் இன்றும் பிதற்றித் திரிகின்றனர். அவர்தம் ஆங்கிலத்தை வானூர்தித் துறையார் எந்நிலையில் வைத்துள்ளனர் என்பதை அவர் அறிவரோ?

வானூர்திகளைப் பழுதுபார்ப்போருள் மிகப் பலர்க்கு ஆங்கிலம் தாய்மொழியன்று. செய்முறை நூலின் ஒரு சொற்றொடரைப் பிறழ உணர்ந்தால் போவது உயிர். ஆதலின் 1970களின் இறுதியில் ஐரோப்பிய வானூர்தி நிறுவனங்கள் முறையிட, ஊர்தி செய்வோர் ஆங்கிலத்தையே அரித்தெடுக்கத் தொடங்கினர். 1986இல் வழிகாட்டி நூல் வந்தது. 2005இல் அது ஏ.எசு.டி.-எசு.டி.இ.100 எனும் பன்னாட்டு வரையறையாயிற்று. துறைப்பெயர்கள் நீங்கலாக அதில் இசைவு பெற்ற சொற்கள் ஏறத்தாழ 900 மட்டுமே. 'குளோசு' என்றால் மூடு. 'அருகில்' எனும் பொருளில் அச்சொல்லை ஆளலாகாது. 'பாலோ' என்றால் பின்வருதல். கட்டளைக்குப் பணிதலைக் குறிக்க வேறு சொல். செய்முறைச் சொற்றொடர் 20 சொற்களைக் கடத்தலாகாது. சேக்சுபியர் மொழி என்று இவர் கூத்தாடும் ஆங்கிலம், பட்டறை வாயிலில் பல்லாயிரஞ் சொற்களைக் கழற்றி வைத்துவிட்டன்றோ உட்புகுகின்றது!

சொல்லை வரையறுத்தல் நமக்குப் புதிதன்று. பல பொருள் தரும் ஒரு சொல்லையும், ஒரு பொருள் குறிக்கும் பல சொற்களையும் தொல்காப்பியர் உரியியலிலேயே பிரித்தறிந்தார். ஆயின் நம் பக்கமும் குறையுண்டு. அதை மறைப்பதிற் பயனில்லை. ஆளுக்கொரு கலைச்சொல் ஆக்குகின்றோம். ஒன்றை நிலைநிறுத்த முன்வருவாரில்லை. 'குழாயை அடை' என்றால் குழாயை மூடுவதா, குழாய் இருக்குமிடம் சென்று சேர்வதா? பட்டறையில் இம்மயக்கம் நகைப்புக்குரியதன்று.

புதுக்கோட்டை மாவட்டத்து மாத்தூர்த் தொழிற்பேட்டையை எண்ணிப் பாருங்கள். திருச்சிராப்பள்ளிக் கொதிகலன் ஆலைக்கு உறுப்புகள் செய்து பழகிய பட்டறைகள் அங்குள்ளன. திருச்சிராப்பள்ளியோ, 2019இல் தொடங்கிய படைத்துறைத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களுள் ஒன்று. படைத்துறை வேலை அப்பட்டறைகளுக்கு வருங்கால் அதனொடு ஆங்கிலத் தாளும் வரும். பற்றவைப்பவர் தமிழர்; மேற்பார்ப்பவர் தமிழர்; இடையில் அயன்மொழித் தாள்! ஒருவர் அரைகுறையாய்ப் படித்து வாய்மொழியாற் சொல்ல, மற்றவர் குத்துமதிப்பாய்ச் செய்வதோ? வாங்குவோர்க்குக் கொடுக்கும் ஆவணம் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். கையில் தீப்பிழம்பு ஏந்தி நிற்பவன் படிக்கும் வேலைத்தாளும் எச்சரிக்கையும் தமிழில் வேண்டும்.

தமிழ்வழிக் கல்விக்குக் குரல் கொடுத்த மூதறிஞர் வ.சுப.மாணிக்கனார் பிறந்த மேலைச்சிவபுரி இம்மாவட்டத்ததே. அம்மண்ணிலேயே தொடங்குவோம். முதற்கண் நூறு வினைச்சொற்கள் போதும்: இறுக்கு, தளர்த்து, கழற்று, பூட்டு, மூடு, அள. ஒவ்வொன்றற்கும் ஒரு பொருளே என்று பட்டறைத் தொழிலாளரும் புலவரும் ஒருங்கிருந்து வரையறுத்தல் வேண்டும். புலவர் மட்டுமே கூடின் சொல் ஏட்டிலேயே கிடக்கும், கண்டிருக்கிறோம். மாத்தூர் அன்பர்கள் தம் பட்டறையில் நாளும் வழங்கும் வினைச்சொற்களை, அவற்றால் நேர்ந்த மயக்கங்களோடு நமக்கு எழுதுக. வரும் இதழிலிருந்து வெளியிடுவோம்.