பள்ளிக்கூடமும் பள்ளிவாசலும்

பள்ளி என்பது நம் தமிழில் மிகப் பழைய சொல். சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடத்தை அக்காலத்தில் பள்ளி என்றார்கள். பிள்ளைகள் எழுத்துக் கற்கும் இடம் பள்ளிக்கூடமாயிற்று. இஸ்லாமியர் தொழும் இடத்தையும் நம் முன்னோர் பள்ளிவாசல் என்றே அழைத்தனர். ஒரு சொல்லின் நிழலில் நிற்கும் இவ்விரண்டுக்கும் இடையே எங்கள் பொன்னமராவதியில் நடந்து போகும் தூரந்தான். ஆனாலும் அந்த வாசலைத் தாண்ட எங்களுக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

பாங்கு ஓசை எங்களுக்குப் புதிதன்று. ரமலான் மாதத்தில் தோழியர் வீட்டிலிருந்து தூக்குவாளியில் வரும் நோன்புக் கஞ்சியின் மணமும் புதிதன்று. ஆனால் அந்தச் சுவருக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வோம். ஒருநாள் எங்கள் வகுப்பு இஸ்லாமியத் தோழி கேட்டாள்: "முதல் வகுப்பிலிருந்து நம்ம சிற்றாலயத்துக்கு நான் எத்தனை தடவை வந்திருக்கேன்! நீங்க ஒருத்தியாவது எங்க பள்ளிவாசலுக்கு வந்ததுண்டா?" எங்களிடம் பதில் இல்லை. அவள் தன் அத்தாவிடம் சொன்னாள். அவர் ஜமாஅத்தில் பேசினார். அருட்சகோதரியரும் மகிழ்ந்து இசைந்தனர். ஒரு சனிக்கிழமை அஸர் தொழுகை நேரத்தில் சென்றோம்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தாவணியாலும் துப்பட்டாவாலும் தலையை மூடிக்கொண்டோம். தொழ வந்தவர்கள் ஹவுளில் கை, வாய், முகம், கால் கழுவி ஒளு செய்வதைப் பார்த்தோம். உள்ளே படமில்லை, சுரூபமில்லை. மக்கா இருக்கும் திசையைக் காட்டும் மாடமும், வெள்ளிக்கிழமை உரை நிகழ்த்தும் மிம்பர் படிகளுமே இருந்தன. தாழ்வாரத்தில் நின்று கவனித்தோம். கடை முதலாளியும் அவர் கடையில் மூட்டை தூக்குபவரும் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். முந்தி வந்தவருக்கு முன் வரிசை. பிந்தி வந்தவருக்குப் பின் வரிசை. எங்கள் ஆலயத்தில் முன் பெஞ்சுகளில் யார் அமர்கிறார்கள் என்ற எண்ணம் எங்களில் பலருக்கு அப்போது வந்தது. அதைப் பிறகுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

ஒரு மூலையில் சந்தூக்கு இருந்தது. இறந்தவரை அடக்கத்துக்குச் சுமந்து செல்லும் பெட்டி அது. செல்வருக்கும் ஏழைக்கும் அதே ஒன்றுதான் என்றார் பெரியவர் ஒருவர். மரியன்னையின் பெயரில் குர்ஆனில் ஓர் அத்தியாயமே உண்டு என்றும், அது 19-ஆவது என்றும், பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட பெண் அந்நூலில் அவர் ஒருவரே என்றும் அவர் சொன்னபோது வியந்தோம். நாம் மாதா என்று அழைப்பவரை அவர்கள் மர்யம் என்கிறார்கள்.

பெண்கள் எங்கே தொழுவார்கள் என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். பெரும்பாலும் வீட்டில் என்றும், சில ஊர்களில் தனி இடம் உண்டு என்றும் பெரியவர் பொறுமையாகச் சொன்னார். எங்கள் தோழி எதுவும் பேசவில்லை. வெளியே வந்த பின், "எனக்கும் உள்ளே தொழ ஆசைதான்" என்றாள். அந்த ஆசை அவள் ஒருத்திக்கு மட்டும் உரியதன்று. நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே தாவூத் ஷரீபா கானம் அம்மையார் பெண்களுக்கென ஒரு ஜமாஅத் கண்டு, பெண்களுக்கான பள்ளிவாசல் ஒன்று எழ வேண்டும் என்றும் குரல் கொடுத்தார். இதைக் கொண்டு அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. நம் திருச்சபையில் சிறுமியர் பீடப்பணி செய்யலாம் என்று வத்திக்கான் தெளிவுபடுத்தியது 1994-இல்தான். வாசகர் பணியையும் பீடத்துணைவர் பணியையும் பெண்களுக்கும் முறைப்படி வழங்கத் திருச்சபைச் சட்டம் திருத்தப்பட்டது 2021-இல்தான். கதவு மெல்லத் திறப்பது எல்லா வீட்டிலும் உள்ள கதை.

இப்படிச் சென்றால் பிள்ளைகளின் விசுவாசம் தளராதா என்று பெற்றோர் சிலர் கவலைப்பட்டார்கள். அக்கவலையை நாங்கள் மதிக்கிறோம். எனினும் ஒன்று கேட்கிறோம். சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்த 1219-ஆம் ஆண்டில் அசிசி பிரான்சிஸ் எகிப்து சென்று சுல்தான் அல்-காமிலைச் சந்தித்தாரே, அவர் விசுவாசம் தளர்ந்ததா? 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இஸ்லாமியரை மதிப்போடு நோக்குவதாக அறிவித்தது. பழைய பகையை மறந்து ஒருவரையொருவர் புரிந்துகொள்ளவும் அழைத்தது. 2001 மே மாதம் திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் தமஸ்கு நகரின் உமய்யா பள்ளிவாசலுக்குள் சென்றார். திருத்தந்தை ஒருவர் பள்ளிவாசலுக்குள் நுழைந்தது வரலாற்றில் அதுவே முதல்முறை. அங்கே திருமுழுக்கு யோவானின் நினைவிடம் உள்ளது. இஸ்லாமியரும் அவரை யஹ்யா நபி என்று போற்றுகின்றனர்.

அவ்வளவு தொலைவு போவானேன்? திருமயத்துக்கும் திருப்பத்தூருக்கும் இடையே சாலையோரம் இருக்கும் காட்டுபாவா பள்ளிவாசலுக்கு எல்லா மதத்தாரும் செல்கிறார்கள். வேளாங்கண்ணிக்கு வருவோர் அனைவரும் கிறிஸ்தவர் அல்லர். நம் பாட்டிமார் அறிந்திருந்த இந்தப் பழக்கத்தை நாம்தான் மறந்து வருகிறோம். அறியாத இடத்தில்தான் வதந்தி குடியேறுகிறது. கைப்பேசியில் வந்து விழும் ஒரு பொய்யை, அந்த வாசலுக்குள் ஒருமுறை சென்று தேநீர் அருந்தி வந்தவள் எளிதில் நம்பமாட்டாள். அவளுக்கு அங்கே முகங்கள் தெரியும்.

எங்கள் ஜெபமாலையை நாங்கள் விட்டுவிடவில்லை. சொல்லப்போனால், தினம் ஐவேளை தொழும் அவர்களைப் பார்த்த பின், மூவேளை செபத்தை ஓடுகிற ஓட்டத்தில் முணுமுணுக்க எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்புத் தோழியரே, பெற்றோரே, ஒருமுறை போய் வந்ததோடு இது முடிந்துவிடலாகாது. விருந்துக்குச் சென்றவர் திருப்பி அழைப்பது தமிழர் மரபு. இவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அந்தப் பெரியவரையும் தோழியின் அத்தா, அம்மாவையும் அழைக்க வேண்டும். நம் சிற்றாலயத்தில் எது எதற்கு என்று நாமே விளக்கிச் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்காவது மறைக்கல்வியை இனி ஒழுங்காகப் படிப்போம்!