வாக்குச்சாவடியில் மாணவர்க்கும் ஒரு நாற்காலி

தேர்தல் நாளன்று நம் பகுதிப் பள்ளிக்கூடங்களைப் பாருங்கள். கட்டடம் வாக்குச்சாவடியாகிறது. மேசையும் பெஞ்சும் அலுவலர்களுக்குப் பயன்படுகின்றன. ஆசிரியர்களையும் தேர்தல் பணிக்கு அழைத்துக்கொள்கிறார்கள். மாணவனுக்கு மட்டும் விடுமுறை! அவன் தெருவில் கிரிக்கெட் ஆடுகிறான். அல்லது ஏதாவது ஒரு கட்சியின் மேசையில் உட்கார்ந்து பட்டியலில் பெயர் தேடிக் கொடுத்து, வடா பாவ் வாங்கிச் சாப்பிடுகிறான். பதினாறு, பதினேழு வயது மாணவர்களுக்கு அன்று முறையான பொறுப்பு ஒன்றைத் தர வேண்டும் என்பது என் கருத்து.

இது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் பல மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வாக்குச்சாவடிப் பணி செய்கிறார்கள். கலிபோர்னியாவில் 16 வயது நிரம்பி, படிப்பிலும் ஓரளவு நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர், பெற்றோர் மற்றும் பள்ளியின் சம்மதத்துடன் பெரியவர்களின் மேற்பார்வையில் பணியாற்றலாம். அந்நாட்டில் இந்தப் பணிக்கு வருவோரில் பெரும் பங்கினர் அறுபதைத் தாண்டியவர்கள். 2020-இல் கொரோனாவுக்கு அஞ்சி அவர்களில் பலர் ஒதுங்கியபோது, இளைஞர்களை அழைத்துத்தான் இடத்தை நிரப்பினார்கள்.

நம் நாட்டில் ஆள் பஞ்சம் இல்லை என்பது உண்மை. 2024 மக்களவைத் தேர்தலில் ஏறத்தாழ 97 கோடி வாக்காளர்கள், பத்தரை லட்சம் வாக்குச்சாவடிகள், ஒன்றரைக் கோடி பணியாளர்கள் என்று தேர்தல் ஆணையம் கணக்குச் சொன்னது. பிறகு மாணவர்கள் எதற்கு என்று கேட்கலாம். குறை சாவடியின் உள்ளே இல்லை, வாசலில் இருக்கிறது.

நான் பணியில் இருந்த காலத்தில் தேர்தல் வேலைக்குச் சென்றவன். உள்ளே ஒவ்வொருவருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். முதல் அலுவலர் பட்டியலைப் பார்த்து ஆளை அடையாளம் காண்பார். இரண்டாமவர் மை வைத்துப் பதிவேட்டில் எழுதிச் சீட்டுக் கொடுப்பார். மூன்றாமவர் சீட்டை வாங்கிக்கொண்டு எந்திரத்தைத் திறந்துவிடுவார். ஆனால் எந்த அறைக்குப் போவது, பாகம் எண் என்ன, வரிசை எண் என்ன என்று தெரியாமல் வாசலில் நிற்பவருக்கு யார் துணை?

தாராவியில் நம் தமிழ் மூதாட்டிகள் பலருக்குத் தமிழ் எழுத்தே அரைகுறை. மராத்திச் சீட்டைப் படிப்பது எப்படி? வாக்காளர் உதவி மையம் என்று ஒரு மேசை போடுகிறார்கள். அங்கே ஓர் அலுவலர், அவரைச் சுற்றி ஐம்பது பேர். அந்த அம்மாள் என்ன செய்வார்? நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் கட்சி மேசைக்குத்தான் போவார். அங்கே "வாங்க ஆத்தா" என்று உபசரித்து, பெயரைத் தேடிக் கொடுத்து, எந்தச் சின்னம் என்பதையும் காதில் போட்டு அனுப்புவார்கள். அரசு செய்ய வேண்டிய உதவியைக் கட்சிக்காரர் செய்தால், அந்த நன்றிக்கடன் வாக்காகப் போய்விடுகிறது. இதுதான் என் கவலை.

இதே அம்மாளின் பேரன் வீட்டில் தமிழ் பேசுகிறான், தெருவில் இந்தி பேசுகிறான், பள்ளியில் மராத்தி படிக்கிறான். கைப்பேசியில் பெயர் தேடுவது அவனுக்கு நிமிட வேலை. அவனையும் அவன் வகுப்புத் தோழியையும் உதவி மையத்தில் அந்த அலுவலருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எண் பார்த்துச் சொல்லட்டும், அறையைக் காட்டட்டும், நடக்க முடியாதவரைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போகட்டும், வரிசையில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கட்டும். 2024 மே 20 அன்று மும்பையில் வெயிலில் மணிக்கணக்காக வரிசையில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ரயில்வேயில் புதிதாக வந்த அப்ரண்டிஸிடம் முதல் நாளே சிக்னல் லீவரைக் கொடுக்க மாட்டோம். அதற்காக அவனை வீட்டுக்கும் அனுப்ப மாட்டோம். கேங்குடன் போ, அளவு எடு, ரிஜிஸ்டர் எழுது என்போம். பொறுப்பு அப்படித்தான் படிப்படியாக வரும். இங்கும் பட்டியல், மை, எந்திரம் மூன்றையும் மாணவர் தொடக்கூடாது. பார்வையற்றவருக்குத் துணையாக வாக்களிக்கும் மறைவிடத்துக்குள் செல்பவருக்கே 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அவர்கள் பணி வாசலோடு நிற்கட்டும்.

பிள்ளைகளை அரசியலில் இழுப்பதா என்று சிலர் கேட்கக்கூடும். பிரசாரத்தில் சிறுவர்களைப் பயன்படுத்தக்கூடாது என்று தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரியில் கண்டிப்பாக உத்தரவிட்டது. அது மிகவும் சரி. ஆனால் கொடி பிடிப்பது வேறு, குடிமக்களுக்கு வழி காட்டுவது வேறு. கட்சி மேசையிலிருந்து பையனை எழுப்ப வேண்டுமானால் அவன் உட்கார வேறொரு நாற்காலி வேண்டாமா? பாதுகாப்பைப் பற்றிய அச்சம் நியாயமானது. பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம், அரை நாள் முறை, கூடவே ஒரு ஆசிரியர், பதற்றமான சாவடிகளுக்கு அனுப்பாமை, சாப்பாட்டுடன் ஒரு சிறு தொகை, சான்றிதழ் ஆகியவற்றை நிபந்தனையாக வைக்கலாம். வேட்பாளரின் உறவினர் பிள்ளைகளைச் சேர்க்கக்கூடாது.

1989-இல் வாக்குரிமை வயது 21-லிருந்து 18 ஆனது. இன்று 17 வயது முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம். எத்தனை வீட்டில் கொடுக்கிறார்கள்? ஒரு நாள் அந்த மேசையில் உட்கார்ந்து, பெயர் விடுபட்டுத் திரும்பிப் போகும் முதியவரின் முகத்தைப் பார்த்த மாணவன், தன் பெயரைச் சேர்க்க யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வாசக அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். தாராவி, செம்பூர், மாட்டுங்கா ஆகிய நம் பகுதிகள் பெரும்பாலும் தென்மத்திய மும்பை என்ற ஒரே மக்களவைத் தொகுதியில் அடங்குகின்றன. மாவட்டம்தான் இரண்டு: தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகரம், செம்பூர் புறநகர். நம் தமிழ் அமைப்புகள் ஒன்றுகூடி, விருப்பமுள்ள பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் பட்டியலைத் தயாரித்து, மாவட்டத் தேர்தல் நிர்வாகத்திடம் மனுவாகக் கொடுக்கலாம். பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் பிள்ளைகளை மேடை ஏற்றுகிறோம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவர்களை வாக்குச்சாவடி வாசலிலும் உட்கார வைப்போம்.