ஆலை வாசல் பலகையில் எண்கள் இருக்கு... பார்க்கிறவர் கண் எங்கே போகுது? ஐ-டிராக்கிங் ஆய்வுகள் சொல்வது என்ன?

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பாலாற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் கூடவே வரும் வார்த்தை டிடிஎஸ். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு. பச்சைத் தோல் கெடாமல் இருக்கப் போடும் உப்புதான் இதில் பெரும்பங்கு.

தோல் ஆலை மாசு பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 30-ல் மீண்டும் ஒரு தீர்ப்பு. இடையில், 2003 அக்டோபரில், வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: ஆபத்தான ரசாயனம் கையாளும் ஆலைகள் தங்கள் கழிவு விவரங்களை வாசலுக்கு வெளியே மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். 2014-ல் தோல் உட்பட 17 வகை ஆலைகளுக்கு ஆன்லைன் கண்காணிப்பும் வந்தது.

ஆக, எண்களை வெளியில் வைக்க உத்தரவு இருக்கிறது. பார்ப்பவருக்கு அது புரிகிறதா?

கண்ணை எப்படி அளக்கிறார்கள்?

திரைக்குக் கீழே இருக்கும் கருவி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பும். கருவிழியில் அது பட்டுத் திரும்புவதை கேமரா பிடிக்கும். அதை வைத்து, பார்வை எந்தப் புள்ளியில் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, அடுத்து எங்கே தாவியது என்று கணக்கிடுகிறார்கள். நம் கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஒரு இடத்தில் கால் நொடி போல நிற்கும், பிறகு தாவும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பிரதீப்தா பிஸ்வாஸ் குழு, சாதாரண திரையிலும் விஆர் கருவியிலும் வரைபடங்களைப் பார்ப்பவர்களின் கண் அசைவை ஆராய்ந்திருக்கிறது.

தலைப்பு செய்யும் வேலை

அமெரிக்காவில் மிஷெல் போர்கின் குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. 393 வரைபடங்கள், 33 பேர். கண் அசைவைப் பதிவு செய்த பிறகு, என்ன நினைவிருக்கிறது என்று எழுதச் சொன்னார்கள். தலைப்பும் கூட இருந்த எழுத்துகளும்தான் அதிகம் கைகொடுத்தன. பட்டைகளும் கோடுகளும் எவ்வளவு அழகாக இருந்தாலும், பலர் தலைப்பைத்தான் எடுத்துப் போனார்கள். (தேர்தல் முடிவு நாளில் திரை முழுக்க கிராஃபிக்ஸ் ஓட்டும் செய்தி சேனல்களும் இதைக் கவனிக்கலாம்.)

இதில் ஒரு சிக்கல் உண்டு. 2019-ல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற இன்னொரு ஆய்வு வந்தது. இதில் கண் கருவி இல்லை. வரைபடம் ஒன்று சொல்ல, தலைப்பு வேறொன்று சொன்னாலும், மக்கள் நினைவில் நின்றது தலைப்பு சொன்ன செய்திதான்.

ஆம்பூருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு பலகையில் 'டிடிஎஸ் 1,900' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு தமிழ்நாட்டில் வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். அந்தக் கணக்கில் பாஸ். ஆனால் குடிநீருக்கு இந்திய தர நிர்ணயம் ஏற்கும் அளவு 500 தான், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. 'வரம்புக்குள் உள்ளது' என்று மேலே எழுதினாலும் பொய் இல்லை. 'குடிநீர் அளவைப் போல ஏறக்குறைய 4 மடங்கு' என்று எழுதினாலும் பொய் இல்லை. கண் முதலில் நிற்கப்போவது அந்த ஒரு வரியில் என்றால், அதை யார் எழுதுவது என்பது சின்ன விஷயம் கிடையாது. ஆலைதான் எழுத வேண்டுமா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமா? இரண்டு வரம்புகளையும் அருகருகே போட்டுவிட்டால் பாதிப் பிரச்னை தீரும்.

கண் பார்த்தால் புரிந்ததாக ஆகுமா?

ஆகாது. ஒரு எண்ணில் பார்வை நீண்ட நேரம் நின்றால், அது ஆர்வமாகவும் இருக்கலாம், குழப்பமாகவும் இருக்கலாம். சோவியத் விஞ்ஞானி ஆல்ஃபிரட் யார்பஸ் 1960-களிலேயே காட்டியது இன்னும் சுவாரஸ்யம்: ஒரே ஓவியம்தான், ஆனால் கேட்ட கேள்வி மாறியதும் கண் போன பாதையும் மாறியது. கிணறு உப்பாகிப்போன விவசாயியும், வாரியப் பொறியாளரும், ஆலை மேனேஜரும் ஒரே பலகையை ஒரே மாதிரி பார்க்கப் போவதில்லை.

போர்கின் ஆய்வு கணினித் திரை முன் நடந்தது. வெயிலில், பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் பலகையைப் பார்ப்பது வேறு கதை. இப்போது மூக்குக் கண்ணாடி போலவே மாட்டிக்கொள்ளும் டிராக்கர்கள் வந்துவிட்டன. அதை மாட்டி ஊர்க்காரர்கள் பத்துப் பேரை ஆலை வாசலில் நிறுத்தினால், பலகையில் எந்த வரியை யாருமே பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடும்.